முப்பது லட்சம் டாலர் அதிகம்: ஹாக்கி அணியின் பொது மேலாளர் எதை விட்டுக்கொடுப்பார்?

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஐஸ் ஹாக்கி ஆட்டம், குளிர்காலத்தில் சென்னையில் விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கைப்பேசியில் வந்து சேரும். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி அரங்கின் பக்கம் காலை நடைக்குச் சென்று, திரும்பும் வழியில் தேநீர்க் கடையில் கூடும் எங்கள் ஐந்து பேருக்கு அந்த ஆட்டத்தின் மீது பைத்தியம் பிடித்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எங்களில் எவரும் பனிக்கட்டியின் மீது கால் வைத்ததில்லை என்பதால், ஆட்டத்தின் நுணுக்கத்தைவிட அதன் கணக்கில்தான் எங்களுக்குப் பிடிமானம் அதிகம். ஆளுக்கோர் அணியின் பொது மேலாளராக எங்களை வைத்துக்கொண்டு, வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்லின் விதிகளின்படி சம்பளக் கணக்கை ஒரு நோட்டில் நடத்திவருகிறோம். புரசைவாக்கத்தில் கணக்காளராக இருக்கும் நண்பரின் அணி இந்த ஜூன் மாதம் சம்பள உச்சவரம்பை 30 லட்சம் டாலர் தாண்டி நிற்கிறது. அவர் எங்களிடம் கேட்ட கேள்விக்கு எழுதும் பதில்தான் இது.

கேள்வி இதுதான். அவரிடம் 32 வயதான முன்கள வீரர் ஒருவர் ஆண்டுக்கு 60 லட்சம் டாலர் சம்பளத்தில் இருக்கிறார்; வேகம் குறைந்துவிட்டது, ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு ஆண்டுகள் மீதம். இன்னொரு பக்கம், 24 வயதில் நன்றாகக் கோல் அடிக்கும் ஒருவர் 40 லட்சம் வாங்குகிறார். அடுத்த கோடையில் அவருடைய ஒப்பந்தம் முடியும்போது இதைப் போல் இரண்டு மடங்கு கேட்பார். இவர்களில் எவரை, எந்த வழியில் அனுப்பினால் இழப்பு குறையும்?

வழிகளுக்குள் போவதற்கு முன் விதிகளைச் சொல்லிவிடுகிறேன். 2004-05 பருவம் முழுவதும் ஆட்டமே நடக்காமல் போன கதவடைப்புக்குப் பிறகு, 2005-06இல் அணி ஒன்றுக்கு 3.9 கோடி டாலர் என்று சம்பள உச்சவரம்பு வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் மூன்று பருவங்கள் 8.15 கோடியிலேயே உறைந்துகிடந்த அது, 2024-25இல் 8.8 கோடியாகவும் 2025-26இல் 9.55 கோடியாகவும் உயர்ந்தது. கோடைக்காலத்தில் மட்டும் பத்து விழுக்காடு வரை தாண்டி நிற்கலாம். பருவம் தொடங்கும் அக்டோபருக்குள் உள்ளே வந்துவிட வேண்டும். இந்தச் சலுகை மேலாளருக்கு மூச்சுவிட நேரம் தருவதுபோலத் தோன்றினாலும், அவர் எவ்வளவு தாண்டியிருக்கிறார் என்பதும் எந்த நாளுக்குள் குறைக்க வேண்டும் என்பதும் மற்ற 31 அணிகளுக்கும் தெரிந்திருப்பதால், பேரத்தில் அவர் கை தாழ்ந்தே இருக்கும்.

ஏலச் சீட்டு போட்டவர்களுக்கு இந்த நிலை புதிதன்று. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு இந்த வாரமே பணம் வேண்டும் என்பவர் முதல் மாதத்திலேயே ஆழமாகத் தள்ளிச் சீட்டை எடுப்பார். அவசரம் இல்லாதவர் அந்தத் தள்ளுபடியில் தமக்கு வரும் பங்கை வாங்கிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார். என்எச்எல்லில் கையிருப்பு இல்லாத மேலாளர் செய்யும் பரிமாற்றங்களில் பெரும்பாலானவை முதல் மாதத்தில் எடுத்த சீட்டுகள்தாம். எவ்வளவு தள்ளினார், மீதித் தவணையை எத்தனை ஆண்டு கட்டப்போகிறார் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு பரிமாற்றம் நல்லதா கெட்டதா என்று தெரியும்.

முதல் வழி, வேண்டாத ஒப்பந்தத்தோடு ஒரு சீதனத்தையும் சேர்த்து வேறொரு அணியின் தலையில் கட்டிவிடுவது. 2019 ஜூனில் டொராண்டோ இதைச் செய்தது. 39 வயதான பாட்ரிக் மார்லோவுக்கு 62.5 லட்சம் டாலர் கணக்கில் இன்னும் ஓராண்டு மீதமிருந்தது. மிட்ச் மார்னர் உள்ளிட்ட இளைஞர்களின் புதிய ஒப்பந்தங்களோ வாசலில் நின்றன. 35 வயதுக்குப் பின் போட்ட ஒப்பந்தம் என்பதால் அதை முறித்தாலும் உச்சவரம்புக் கணக்கில் விடுதலை இல்லை. எனவே மார்லோவையும் அவரோடு 2020ஆம் ஆண்டின் முதல் சுற்று டிராஃப்ட் தேர்வையும் (இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் உரிமை) கரோலினாவுக்கு அனுப்பினார்கள். கரோலினா மார்லோவின் ஒப்பந்தத்தை முறித்து அவரை விடுவித்தது. கையில் மிஞ்சிய தேர்வு 13ஆவது இடமாக அமைந்தது. அதில் செத் ஜார்விஸ் என்ற இளைஞரை எடுத்தது. அவர் இன்று அந்த அணியின் முன்வரிசையில் ஆடுகிறார். உச்சவரம்புக்குள் ஓராண்டுக்கு 62.5 லட்சம் டாலர் இடம் பெறுவதற்கு டொராண்டோ கொடுத்த விலை, பத்தாண்டுகள் ஆடக்கூடிய ஒரு வீரர். இதைவிட ஆழமாகத் தள்ளி எடுத்த சீட்டை நான் பார்த்ததில்லை.

சிகாகோ 2016இல் செய்தது இதற்குச் சற்றும் குறைந்ததன்று. பிரையன் பிக்கெலின் 40 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் மீதமிருந்த ஓராண்டை இறக்கிவைப்பதற்காக, அப்போது 21 வயதே ஆகியிருந்த டியூவோ டெராவைனனையும் சேர்த்து அதே கரோலினாவிடம் கொடுத்து, பதிலுக்கு ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வையும் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வையும் பெற்றது. டெராவைனன் 2018-19இல் 76 புள்ளிகள் (அடித்த கோல்களும் கோலுக்கு உதவியவையும் சேர்த்து) எடுத்தார். பிக்கெலுக்கோ அணி மாறிய சில மாதங்களில் மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் என்ற நரம்பு நோய் இருப்பது கண்டறியப்பட்டது. சம்பளத்துக்கேற்ப ஆடவில்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த மனிதரைப் பற்றி அந்தச் செய்தி வந்த நாளில், எங்கள் நோட்டில் வீரர்களைப் ‘பாரம்’ என்று எழுதும் வழக்கத்தை விட்டோம்.

கரோலினா இரண்டு முறையும் வாங்கும் பக்கத்தில் இருந்ததைக் கவனிக்க வேண்டும். இடம் வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு கோடையும் அறுவடைக் காலம். 2022 ஜூலையில் லாஸ் வேகாஸ் அணி 70 லட்சம் டாலர் சம்பளக்காரரான மாக்ஸ் பாசியோரெட்டியையும் டிலன் காக்லன் என்ற தடுப்பாட்டக்காரரையும் பெயருக்குக்கூட ஒரு பதில் வீரர் வாங்காமல் அதே அணிக்கு அனுப்பியது. ஆனால் அந்தப் பேரத்தில் கரோலினாவுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அடுத்த மாதமே பாசியோரெட்டியின் குதிகால் தசைநாண் அறுந்தது, அந்தப் பருவத்தில் அவர் ஆடியவை ஐந்தே ஆட்டங்கள். லாஸ் வேகாஸ் 2023இல் லீகின் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்றது. சும்மா கொடுத்தாலும் டிராஃப்ட் தேர்வு எதையும் சீதனமாகச் சேர்க்காமல் கொடுத்தது என்ற வகையில், மார்லோ பேரத்தைவிட இது எனக்குச் சரியாகவே படுகிறது.

இதே வழியில் இன்னொரு கிளை உண்டு. பணத்தட்டுப்பாட்டின் இரண்டு முகங்களையும் அது ஒருசேரக் காட்டுவதால் அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. உச்சவரம்பு போலவே கீழ்வரம்பும் இருக்கிறது. 2025-26இல் அது 7.06 கோடி. உண்மையிலேயே காசில்லாத உரிமையாளரைக் கொண்ட அணிக்கு அந்தக் கீழ்வரம்பை எட்டுவதே சுமை. அப்படிப்பட்ட அணிக்குப் பிடித்தமான சரக்கு, கணக்கில் சம்பளம் இருந்து கையால் கொடுக்க வேண்டிய காசு இல்லாத ஒப்பந்தம். 2016இல் டெட்ராய்ட்டின் பவெல் தாட்சுக் ரஷ்யாவுக்குத் திரும்ப முடிவு செய்தபோது, அவருடைய 75 லட்சம் டாலர் மட்டும் டெட்ராய்ட்டின் கணக்கிலேயே தங்கிவிடும் நிலை ஏற்பட்டது. அரிசோனா அதைத் தன் கணக்கில் ஏற்றுக்கொண்டது. கூலியாக டிராஃப்ட்டில் 20ஆவது இடத்திலிருந்து 16ஆவது இடத்துக்கு ஏறி ஜேக்கப் சிக்ரனை எடுத்தது. 53ஆவது தேர்வையும் இன்னொரு வீரரையும் மட்டும் கூடுதலாகக் கொடுத்தது. ஆடாத ஒருவருக்கு ஒரு சல்லிக்காசு சம்பளம் தராமல் கீழ்வரம்பை நெருங்கவும் முடிந்தது, நல்ல தடுப்பாட்டக்காரரைப் பெறவும் முடிந்தது. ஆனால் இப்படியே ஆண்டுக்கணக்கில் பிழைத்த அந்த அணி, 2024 ஏப்ரலில் யூட்டாவுக்கு இடம்பெயர்ந்தது. கணக்கைச் சாமர்த்தியமாக எழுதுவது ஒரு பருவத்தைக் காப்பாற்றும், அரங்கை நிரப்பாது.

இரண்டாவது வழி, ஒப்பந்தத்தை விலை கொடுத்து முறிப்பது. இதற்கு ஜூன் இறுதி வரைதான் கதவு திறந்திருக்கும் என்பதால், நண்பர் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். வீரருக்கு 26 வயது நிறைந்திருந்தால், மீதிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை, மீதமுள்ள ஆண்டுகளைப் போல் இரு மடங்கு காலத்துக்குப் பரப்பிக் கொடுக்க வேண்டும். நண்பரின் வீரருக்கு மீதி 120 லட்சம். அதில் மூன்றில் இரண்டு 80 லட்சம். நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 20 லட்சம். முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 40 லட்சம் மிச்சமாகும். காலியான இடத்துக்கு ஒருவரைக் குறைந்தபட்சச் சம்பளத்தில் எடுத்தாலும், 2025-26 கணக்குப்படி 7.75 லட்சம் போகும்; மிஞ்சுவது 32.25 லட்சம். 30 லட்சம் பற்றாக்குறை அடைபட்டுவிடுகிறது. ஆனால் மூன்றாவது, நான்காவது ஆண்டுகளில் ஆளே இல்லாமல் 20 லட்சம் கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

இந்த வழியின் முழுக் கசப்பையும் குடித்தவர்கள் மினசோட்டாக்காரர்கள். 2012 ஜூலை 4 அன்று சாக் பரீஸே, ரயன் சூட்டர் இருவரையும் தலா 13 ஆண்டுகள், 9.8 கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். 2021 ஜூலையில் பொது மேலாளர் பில் கெரின் இரண்டையும் ஒரே நாளில் முறித்தார். தொடக்க ஆண்டுகளில் சம்பளத்தை அள்ளிக் கொடுத்துக் கடைசி ஆண்டுகளில் குறைத்து எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் என்பதால், முறிவின் சுமை நடுவில் வீங்கியது: 2022-23இல் சுமார் 1.27 கோடி, அடுத்த இரண்டு பருவங்களில் சுமார் 1.47 கோடி. 2024-25இன் 8.8 கோடி உச்சவரம்பில் ஆறில் ஒரு பங்கு, அணியில் இல்லாத இருவருக்குப் போனது. சிறு வால் ஒன்று 2028-29 வரை தொடரும். சீட்டை எடுத்துச் செலவழித்த பிறகு தவணை கட்டுபவரின் முகம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது வழி, சம்பளத்தில் ஒரு பங்கை நாமே சுமந்துகொண்டு வீரரை அனுப்புவது. பாதி வரை சுமக்கலாம். ஒரே நேரத்தில் மூன்று ஒப்பந்தங்களுக்கு மேல் இப்படிச் சுமக்க முடியாது. நண்பர் பாதியைச் சுமந்தால் ஆண்டுக்கு 30 லட்சம், இரண்டே ஆண்டுகள். மொத்தம் 60 லட்சம். முறிவின் 80 லட்சத்தைவிடக் குறைவு, ஒப்பந்தத்தோடு முடிந்தும்விடும். பாதி விலையில் கிடைப்பதால் வாங்குபவர் சீதனம் கேட்க மாட்டார், சிறு தேர்வு ஒன்றைத் தரவும்கூடும். இவ்வளவு நல்ல வழி நண்பருக்குப் பொருந்தாமல் போவதற்குக் காரணம் ஒன்றுதான்: மாற்று ஆளின் 7.75 லட்சம் போக 22.25 லட்சமே மிஞ்சுகிறது. இன்னும் ஏழேமுக்கால் லட்சம் இடிக்கிறது.

இந்த விதியை வியாபாரமாகவே செய்தவர்களும் உண்டு. 2023 பிப்ரவரியில் ரயன் ஓ’ரைலியை டொராண்டோ வாங்கியபோது, செயின்ட் லூயிஸ் அவருடைய 75 லட்சத்தில் பாதியைச் சுமந்தது. இடையில் நின்ற மினசோட்டா கால் பங்கை ஏற்றுக்கொண்டு அதற்குத் தரகாக ஒரு நான்காம் சுற்றுத் தேர்வை வாங்கியது. டொராண்டோவின் கணக்கில் ஏறியது 18.75 லட்சம் மட்டுமே. பரீஸே, சூட்டர் சுமையில் திணறிய அதே மினசோட்டாதான் அந்தத் தரகர் என்பதை நண்பருக்கு அடிக்கடி நினைவூட்டுவேன். உச்சவரம்பு நாள் கணக்கில் அளக்கப்படுவதால், பருவத்தின் முக்கால் பங்கு கடந்த பிறகு ஒருவரின் சம்பளத்தில் எஞ்சிய நாள்களுக்கான பங்குதான் கணக்கில் ஏறும். அன்றன்று சிறுகச் சேர்த்த இடத்தை அவர்கள் வாடகைக்கு விட்டார்கள். 2025-26 முதல் ஒரே ஒப்பந்தத்தில் இரண்டாவது அணி பங்கு சுமக்க வேண்டுமானால் பருவத்தின் 75 நாள்கள் இடைவெளி வேண்டும் என்று விதித்துவிட்டதால், அந்தத் தரகுக் கடை ஏறக்குறைய மூடப்பட்டுவிட்டது.

காயமடைந்தோர் பட்டியலை வைத்து இடம் பெறும் வழியைப் பற்றி நண்பர் கேட்டார். 2020-21இல் டாம்பா பே அணியின் நிகிதா குச்செரோவ் இடுப்பு அறுவைச் சிகிச்சையால் வழக்கமான பருவம் முழுவதும் ஆடவில்லை. அவருடைய 95 லட்சத்துக்கு ஈடாக வேறு வீரர்களை வைத்துக்கொண்ட அணி, பிளேஆஃப் தொடங்கியபோது அவரையும் சேர்த்துக்கொண்டது. பிளேஆஃபில் உச்சவரம்பு இல்லாதிருந்த காலம் அது. அவர் 32 புள்ளிகள் எடுத்தார், கோப்பையும் கிடைத்தது. 2025-26 முதல் பிளேஆஃபிலும் கணக்குப் பார்க்கிறார்கள். தவிர, ஒருவருக்கு அடிபட வேண்டும் என்று எதிர்பார்த்துத் திட்டம் போடுவதை நான் வழியாகவே எண்ணவில்லை.

எஞ்சியிருப்பது நண்பர் காதில் வாங்க மறுக்கும் வழி: முதியவரை வைத்துக்கொண்டு, நன்றாக ஆடும் இளைஞரை விற்பது. இதற்குச் சான்றும் அதே மினசோட்டாவில்தான் இருக்கிறது. 2021-22இல் கெவின் ஃபியாலா 33 கோல்களோடு 85 புள்ளிகள் எடுத்தார். அடுத்த ஆண்டு முறிவுச் சுமை 1.27 கோடியாகப் போகிறது என்று தெரிந்திருந்த கெரின், அவருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது என்பதை ஒளிக்கவில்லை. 2022 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் அவரை வாங்கி, ஆண்டுக்கு 78.75 லட்சத்தில் ஏழு ஆண்டு ஒப்பந்தம் போட்டது. மினசோட்டாவுக்குக் கிடைத்தவை அந்த ஆண்டின் 19ஆவது தேர்வும், கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்த உள்ளூர்ப் பையன் பிராக் ஃபேபரும். தேர்வில் லியாம் ஊக்ரென் என்ற ஸ்வீடன் இளைஞரை எடுத்தார்கள். ஃபேபர் 2023-24இல் சிறந்த புதுமுகத்துக்கான விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றார். புதுமுகச் சம்பளம் பத்து லட்சத்துக்கும் குறைவு என்பதால், முறிவுச் சுமை மிக அதிகமாக இருந்த பருவத்தில் முதல் வரிசைத் தடுப்பாட்டக்காரர் ஏறக்குறைய இலவசமாகக் கிடைத்தார். ஊக்ரெனோ, 2025 டிசம்பரில் குவின் ஹியூஸை வான்கூவரிடமிருந்து வாங்கியபோது, மார்கோ ரோசி, ஸீவ் பூயம், ஒரு முதல் சுற்றுத் தேர்வு ஆகியவற்றோடு சேர்ந்து விலையின் ஒரு பகுதியானார்.

இந்தப் பேரத்தையும் மார்லோ பேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு அணிகளுமே தட்டுப்பாட்டில் இருந்தவை. டொராண்டோ எவருக்கும் வேண்டாத ஒன்றைக் கொடுக்க முயன்றதால் கூடவே பணத்துக்கு ஈடான தேர்வையும் கொடுக்க வேண்டியிருந்தது. கெரின் எல்லோருக்கும் வேண்டிய ஒருவரைக் கொடுத்ததால், கட்டாயத்தில் விற்றவர் என்று ஊரே அறிந்திருந்தும் நல்ல விலை பெற்றார். வீட்டில் பணமுடை வந்தால் பழைய பீரோவை விற்கப் போய் ஏற்றுக்கூலியும் நாமே கொடுத்துவிட்டு வருவதைவிட, பவுன் விலை ஏறியிருக்கும்போது ஒரு வளையலைக் கொடுப்பது மேல் என்று எங்கள் அம்மா காலத்துப் பெண்கள் கணக்குப் போட்டதும் இதே அடிப்படையில்தான்.

குறை இல்லாமல் இல்லை. கோல் அடிப்பவரை விற்ற அணி அந்தப் பருவத்தில் கோலுக்குத் தவிக்கும், மினசோட்டாவும் தவித்தது. ஃபேபர் போன்றவர் கிடைப்பதற்கு இளையோரை நன்கு பார்த்தறியும் கண் வேண்டும். பல மேலாளர்களுக்கு இதே பேரத்தில் வெறும் பெயர்கள்தாம் மிஞ்சின. அணியில் இருப்பவர்களும் நன்றாக ஆடியவரை அனுப்பிவிட்டார்களே என்று முணுமுணுப்பார்கள்.

எங்கள் ஊர் ஹாக்கியில் இந்தச் சிக்கல் வேறு வடிவத்தில் வருகிறது. புத்துயிர் பெற்ற ஹாக்கி இந்தியா லீகின் 2024 அக்டோபர் ஏலத்தில் ஆடவர் அணி ஒன்றுக்கு 4 கோடி ரூபாய். அதற்குள் 16 இந்தியர், 8 வெளிநாட்டவர் என 24 பேரை எடுக்க வேண்டும். தமிழ்நாடு டிராகன்ஸ் ஜிப் யான்சனுக்கு 54 லட்சம், அமித் ரோஹிதாஸுக்கு 48 லட்சம், கோல்காப்பாளர் டேவிட் ஹார்ட்டுக்கு 32 லட்சம் என்று மூவருக்கே மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்தது. மற்ற 21 பேருக்கு மிஞ்சியது 2.66 கோடி. எதிர்காலத் தேர்வை அடகு வைக்கவோ சம்பளத்தை எட்டு ஆண்டுகளுக்குப் பரப்பவோ அந்த ஏல மேசையில் வழி இல்லை; அன்றைய தட்டுப்பாட்டை அன்றைக்கே தீர்த்தாக வேண்டும். எங்கள் நண்பர் அந்தக் கண்டிப்பைப் புகழ்ந்து பேசுபவர். தம்முடைய அணிக்கு மட்டும் அதைப் பொருத்திப் பார்க்க மறுக்கிறார்.

அவருக்கு என் பரிந்துரை இது. இளைஞரை ஜூன் டிராஃப்ட்டுக்கு முன்பே, ஒரு முதல் சுற்றுத் தேர்வுக்கும் புதுமுகச் சம்பளத்தில் இருக்கும் ஒரு தடுப்பாட்டக்காரருக்கும் மாற்றிவிடலாம். 40 லட்சம் போய் 9 லட்சம் வருகிறது. மாற்று ஆள் கூடவே வந்துவிடுவதால் வேறு செலவில்லை. மிச்சம் 31 லட்சம். அடுத்த கோடையில் 80 லட்சம் கேட்கப்போகிறவரின் கோரிக்கையும் வேறொருவர் வாசலுக்குப் போய்விடும். முதியவரை இந்தப் பருவம் ஆடவிட்டு, வீரர் பரிமாற்றத்துக்கான கெடு நெருங்கும்போது பாதிச் சம்பளத்தைச் சுமந்துகொண்டு, கோப்பைக் கனவில் இருக்கும் அணிக்குக் கொடுக்கலாம். அப்போது மீதமிருப்பது ஓராண்டும் சில வாரங்களும் என்பதால் சுமப்பது முப்பது லட்சத்துக்குச் சற்று மேல்தான். முறிவை ஜூன் 30 அன்று இரவு வரை கையில் வைத்திருக்கலாம். இளைஞருக்கு முதல் சுற்றுத் தேர்வு தர எவரும் முன்வரவில்லை என்றால் மட்டும், நான்கு ஆண்டுத் தவணை என்று தெரிந்தே அதில் கையெழுத்திடலாம். தேர்வைச் சீதனமாகச் சேர்த்து முதியவரை அனுப்பும் வழியை என் நோட்டில் சிவப்பு மையால் அடித்துவிட்டேன்.

நேற்றுக் காலை இதை வாசித்துக் காட்டியபோது, அந்த இளைஞர் அடித்த கோல்களின் எண்ணிக்கையை அவர் இரண்டு முறை சொன்னார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. பிறகு நோட்டை வாங்கி, 31 லட்சம் என்ற எண்ணின் பக்கத்தில் பென்சிலால் ஒரு சுழி போட்டு, டிராஃப்ட்டுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டார்.